டிஜிட்டல் ட்வின்: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் சிப்காட் பகுதியில் உள்ள சிறு பட்டறைகளின் இயந்திரங்களில் சென்சார் பொருத்தி, அவற்றைக் கணினியோடு இணைத்துத் தரும் வேலையைச் செய்து வருகிறேன். பட்டறை முதலாளிகள், மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்கள், குடிநீர்ப் பணியில் இருக்கும் பொறியாளர்கள், பர்கூர், செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் என யாரிடம் பேசினாலும், டிஜிட்டல் ட்வின் பற்றி எழும் ஐயங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன. ஓரிடத்தில் சொன்னதை மறுபடியும் சொல்லாமல், அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் சுட்டியிருக்கிறேன்.

1. டிஜிட்டல் ட்வின்னா என்ன சார்? எங்க கிட்ட மெஷினோட 3டி மாடல் இருக்கு, அது போதாதா?

போதாது. ஒரே கம்பெனியின் ஒரே மாடல் விஎம்சி (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் குடையும் செங்குத்து இயந்திரம்) இரண்டு உங்கள் பட்டறையில் அடுத்தடுத்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 3டி மாடல் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் தண்டு) பேரிங் சென்ற ஆண்டு மாற்றப்பட்டது. மற்றதில் வார்ப்பிரும்பு வேலையே தொடர்ந்து ஓடியதால் ஸ்லைடுகள் தேய்ந்திருக்கின்றன. இந்தக் குறிப்பிட்ட இயந்திரம் இன்று எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையைக் கணினியில் வைத்திருப்பதே டிஜிட்டல் ட்வின். ஆகவே இரண்டு இயந்திரங்களுக்கு இரண்டு ட்வின் வேண்டும். இயந்திரம் மாறும்போதெல்லாம் அதன் ட்வினும் மாற வேண்டும்.

2018-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இதை மூன்றாகப் பிரித்தது. அந்தப் பிரிவு இன்றும் பயன்படுகிறது. தகவலை மனிதர்தான் கையால் ஏற்ற வேண்டும் என்றால் அது மாதிரி. இயந்திரத்திலிருந்து கணினிக்குத் தகவல் தானாகச் சென்றால் அது நிழல். கணினியிலிருந்து இயந்திரத்துக்கும் தானாகத் திரும்பி வந்தால்தான் அது ட்வின். இந்த அளவுகோலால் அளந்தால், நம் பகுதியில் ட்வின் என்ற பெயரில் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை நிழல்களே. அதில் குறையொன்றும் இல்லை; பல பட்டறைகளுக்கு நிழலே போதும். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கருத்து ஒன்றும் புதிதன்று. 2002-இல் மைக்கேல் கிரீவ்ஸ் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதை முன்வைத்தார். 2010-இல் நாசாவின் தொழில்நுட்பத் திட்ட ஆவணம் ஒன்றில் டிஜிட்டல் ட்வின் என்ற பெயரே இடம்பெற்றது.

2. ஸ்காடா ஸ்கிரீன்லயே எல்லாம் தெரியுதே, இது எதுக்குத் தனியா?

ஆலையையோ பம்ப் நிலையத்தையோ ஒரே திரையிலிருந்து கண்காணித்து இயக்கும் அமைப்புதான் ஸ்காடா. சென்சார் இருக்கும் இடத்தில் இப்போது என்ன நடக்கிறது என்பதை அது காட்டும். சென்சார் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது, இனி என்ன நடக்கலாம், ஒரு வால்வைப் பாதி மூடினால் என்ன ஆகும் என்பவற்றுக்கு அது விடை தராது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்துவந்த இரு மாவட்ட மக்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் இந்தத் திட்டத்தில், ஆற்றங்கரையின் தாழ்விலிருந்து கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர் வரை நீரை ஏற்ற வேண்டியிருக்கிறது. இப்படி நீளும் குழாய்த் தொடரில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அழுத்தமானி வைக்க எவராலும் இயலாது. அளந்த சில இடங்களைக் கொண்டு அளக்காத இடங்களின் அழுத்தத்தைக் கணக்கிடுவதற்குத்தான் மாதிரி வேண்டும். அந்த மாதிரி அன்றாட அளவீட்டோடு ஒத்துப்போகுமாறு திருத்தப்பட்டு வந்தால் ட்வினை நெருங்குகிறது.

3. மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ட்வின் செய்ய முடியாதா?

இந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவருவதில் உள்ள முதன்மையான இடர்ப்பாடு இதில்தான் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு பம்ப் நிலையத்தைப் பாருங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. மோட்டாரைப் பார்க்கும் எலக்ட்ரிக்கல் பொறியாளருக்கு அந்த 20 மில்லி விநாடிக்குள் நடப்பதும் முக்கியம். பேரிங்கின் சூட்டைக் கவனிக்கும் மெக்கானிக்கல் பொறியாளருக்கு நிமிடங்கள் போதும். நீரேற்றத்தைத் திட்டமிடுபவர் மணிக்கணக்கில் சிந்திக்கிறார். கட்டடத்தையும் அடித்தளத்தையும் பார்க்கும் சிவில் பொறியாளரின் அலகு ஆண்டு. இந்த நால்வரின் கணக்கையும் ஒரே கடிகாரத்தில் ஓட்ட முயன்றால், ஒன்று கணினி திணறும், அல்லது யாரோ ஒருவருக்குத் தேவையான நுட்பம் காணாமல் போகும்.

துல்லியமும் அப்படித்தான். கான்கிரீட்டின் மீள்மைக் குணகத்துக்கு (சுமையில் அது எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பதன் அளவு) ஐஎஸ் 456:2000 என்ற இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பு ஒரு சூத்திரம் தருகிறது. எம்25 கான்கிரீட்டுக்கு அதன்படி 25,000 நியூட்டன்/ச.மி.மீ. வரும். அளந்து பார்த்தால் கிடைக்கும் மதிப்பு இதிலிருந்து 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அந்த விதித்தொகுப்பே சொல்கிறது. அதே வளாகத்தில் பம்ப் தண்டைக் கடைந்து தரும் டர்னரோ 20 மைக்ரானுக்காக (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போராடுகிறார். சிவில் மாதிரியிலிருந்து வரும் எண்ணை மெக்கானிக்கல் மாதிரி அப்படியே எடுத்துக்கொண்டால், அந்த 20 சதவீத ஐயம் வழியிலேயே உதிர்ந்துபோய், எல்லாமே உறுதியான எண்போல் திரையில் வந்து நிற்கும். எண்ணோடு அதன் ஐயப்பாட்டையும் சேர்த்து அனுப்பும் பழக்கம் நம் துறைகளுக்கு இடையில் இன்னும் வரவில்லை.

சொற்களிலும் சிக்கல் உண்டு. ஒரு கூட்டத்தில் "லோடு எவ்வளவு?" என்று கேட்டேன். எலக்ட்ரிக்கல் தரப்பு கிலோவாட்டில் சொன்னது. சிவில் தரப்பு கிலோநியூட்டனில் சொன்னது. சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரம்) ஓட்டுபவர் ஸ்பிண்டில் மீட்டரில் தெரியும் சதவீதத்தைச் சொன்னார். மென்பொருள் தரப்பு சர்வரைப் பற்றிப் பேசியது. நால்வரும் சொன்னது அவரவர் அளவில் சரியே. ஆகவே ஒரே ட்வின் என்ற ஆசையை விட்டுவிட்டு, துறைக்கு ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, அவை ஒன்றுக்கொன்று எந்த எண்ணை, எந்த அலகில், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் என்பதை ஒரு தாளில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

4. அதுக்குத்தான் ஸ்டாண்டர்டு இருக்கே? அதைப் பின்பற்றினா சரியாயிடாதா?

பாதி சரியாகும். உற்பத்தித் துறை ட்வினுக்கான சட்டகமாக ஐஎஸ்ஓ 23247 என்ற தரம் 2021-இல் வந்தது. இயந்திரத் தகவலைப் பரிமாற ஓபிசி யுஏ, கட்டடத் தகவலுக்கு ஐஎஃப்சி, வெவ்வேறு மென்பொருளில் செய்த மாதிரிகளை ஒன்றாக ஓட்ட எஃப்எம்ஐ என ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கிறது. இவை எல்லாம் தகவல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சேதமின்றிச் செல்ல உதவும். சென்ற தகவலை இரு தரப்பும் ஒரே பொருளில் புரிந்துகொள்கின்றனவா என்பதை மனிதர்கள்தாம் பார்க்க வேண்டும்.

1999-இல் நாசாவின் செவ்வாய் வானிலை ஆய்வுக்கலம் அழிந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு விசை-விநாடியில் எண்ணைக் கொடுத்தது. மறுமுனை அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. நம் ஊரில் அதே சிக்கல் அழுத்தமானியில் இருக்கிறது. ஒரே லைனில் ஒரு கேஜ் பிஎஸ்ஐ, அடுத்தது பார், மூன்றாவது கிலோ/ச.செ.மீ. என்று இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 7 கிலோவும் 100 பிஎஸ்ஐயும் ஏறக்குறைய ஒன்று என்பதால், 7 வர வேண்டிய இடத்தில் 100 வந்தால் எவரும் உடனே கண்டுபிடித்துவிடுவர். பாரும் கிலோவும் கலந்தால் வேறுபாடு 2 சதவீதம்தான். அது கண்ணில் படாமல் ஆண்டுக்கணக்கில் கணக்குக்குள் உட்கார்ந்திருக்கும். இந்தச் சிறிய பிழைக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

5. எங்க மெஷின் எல்லாம் பழசு. 1990-கள்ல வாங்கினது. அதுல எப்படி?

பழைய இயந்திரம் என்பது தடையில்லை. கன்ட்ரோலரைத் தொடாமலே பல தகவல்களை எடுக்கலாம். மோட்டாருக்குச் செல்லும் ஒரு ஃபேஸ் வயரை மட்டும் சுற்றி ஒரு கவ்வு வகை கரன்ட் சென்சார் மாட்டினால், இயந்திரம் ஓடுகிறதா, சும்மா சுற்றுகிறதா, டூல் மழுங்குகிறதா என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். பேரிங் வீட்டின்மேல் ஒரு வெப்பச் சென்சாரும் ஓர் அதிர்வுச் சென்சாரும் வைத்தால் இன்னும் தெளிவாகும். சற்றுப் பிந்தைய இயந்திரங்களில் மாட்பஸ் இணைப்பு இருக்கும்; 1979-இல் வந்த அந்த நெறிமுறை இன்றும் எல்லா இடத்திலும் வேலை செய்கிறது. பழைய இயந்திரத்தில் உண்மையில் கிடைக்காமல் போவது டிராயிங்கும் பழுதுபார்த்த வரலாறும்தான். அவற்றைச் சென்சாரால் மீட்க முடியாது. முப்பது ஆண்டுகளாக அந்த இயந்திரத்தோடு இருக்கும் ஃபோர்மேனிடம் உட்கார்ந்து எழுதி வாங்க வேண்டும், அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே.

6. எவ்வளவு டேட்டா சேர்த்து வைக்கணும்? எல்லாத்தையும் கிளவுட்ல போடச் சொல்றாங்களே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேரிங் பழுதைப் பிடிக்க விநாடிக்கு 10,000 முறை அதிர்வை அளக்கிறோம், ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட் என்றால், விநாடிக்கு 20,000 பைட்; நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 ஜிபி. மூன்று அச்சுகளிலும் அளந்தால் 5.2 ஜிபி. பத்து இயந்திரம் இருந்தால் 52 ஜிபி. அதே இயந்திரத்தின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால் ஒரு நாளைக்கு 3,000 பைட்டைக்கூடத் தாண்டாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே மாதிரி சேமிக்கச் சொல்பவர் உங்கள் கட்டணத்தை நினைத்துச் சொல்லவில்லை. அதிர்வை இயந்திரத்தின் அருகிலேயே அலைவரிசைகளாகப் பிரித்து, சுருக்கத்தை மட்டும் அனுப்பலாம். வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் தெரியும்போது மட்டும் முழுப் பதிவையும் எடுத்து வைக்கலாம்.

7. டேட்டா வருது, ஆனா பார்த்தா நம்பற மாதிரி இல்லையே?

பெரும்பாலும் குற்றம் சென்சாரில் இருக்காது. அதைச் சுற்றியுள்ள சிறு விஷயங்களில் இருக்கும். ஒரு பட்டறையில் ஸ்பிண்டில் சூடாவதற்கு முன்பே அளவு விலகுவதாக மாதிரி காட்டிக்கொண்டிருந்தது. காரணம் வருமுன் விளைவு வருமா என்று இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், அளவெடுக்கும் மேசையின் கணினிக் கடிகாரம் இயந்திரத்தின் கடிகாரத்தைவிட ஏழு நிமிடம் பின்தங்கி இருந்தது. இரண்டையும் ஒரே நேர சர்வரோடு இணைத்ததும் படம் நேரானது. அன்றிலிருந்து எந்தப் பட்டறைக்குச் சென்றாலும் முதலில் கடிகாரங்களைத்தான் ஒப்பிடுகிறேன்.

அடுத்தது சென்சார் உட்காரும் இடம். வெப்பச் சென்சாரைக் கூலன்ட் தெறிக்கும் பக்கம் ஒட்டினால் அது கூலன்டின் சூட்டைத்தான் சொல்லும். அதிர்வுச் சென்சாரைப் பெயின்ட் மேல் காந்தத்தால் ஒட்டினால் உயர் அலைவரிசைகள் மங்கிவிடும். பொருத்திய இடத்தைப் படமெடுத்து ட்வினோடு சேர்த்து வையுங்கள். ஷிப்ட் மாறும்போது யாரேனும் துடைப்பதற்காக எடுத்து வேறிடத்தில் வைத்தால் அந்தப் படம்தான் சாட்சி.

8. ட்வின் சொல்றது சரின்னு எப்படி நம்பறது?

மாதிரியைச் சீர்செய்யப் பயன்படுத்திய அளவீடுகளையே கொண்டு அதைச் சோதிக்கக் கூடாது. இது முதல் விதி. கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பது போன்றது அது. சோதனைக்கென்று சில நாள்களின் பதிவைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

எளிய கைக்கணக்கோடு ஒப்பிடுவதையும் விடக் கூடாது. எஃகு ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் நீளும். ஓசூரில் காலைக் குளிருக்கும் பிற்பகலுக்கும் இடையே பட்டறைக்குள் 10 டிகிரி ஏறினால், 500 மி.மீ. எஃகுத் தண்டு 57 மைக்ரானுக்கு மேல் நீளும்; அலுமினியம் என்றால் ஏறக்குறைய இரு மடங்கு. காலையில் கொடுத்த ஆஃப்செட் (டூல் நிலைக்கான திருத்த அளவு) பிற்பகலில் பொருந்தாமல் போவதற்கு இது போதும். ட்வின் 5 மைக்ரான் என்றோ 500 மைக்ரான் என்றோ சொன்னால், எவ்வளவு அழகான திரையாக இருந்தாலும் ஏதோ தவறு என்று பொருள்.

இதைவிடக் கடினமானது, இரண்டு தவறுகள் சேர்ந்து ஒரு சரியான விடையைத் தருவது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் இலவச மென்பொருளான ஈபானெட்டில் ஒரு குழாய்த் தொடரை அமைக்கிறீர்கள். கடைசி ஊரில் அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. குழாயின் உட்புறம் படிந்து சொரசொரப்பாகிவிட்டது என்று வைத்தாலும் கணக்குப் பொருந்தும். வழியில் எங்கோ கசிகிறது என்று வைத்தாலும் பொருந்தும். எது உண்மை என்பதை இரவில் பார்க்கலாம். ஓட்டம் பாதியாகக் குறைந்தால் உராய்வால் இழக்கும் அழுத்தம் கால் பங்குக்குச் சற்றே மேலாகச் சுருங்கிவிடும். ஆகவே குறை சொரசொரப்பால் வந்தது என்றால் இரவில் அழுத்தம் மீண்டுவிடும். கசிவு என்றால் எவரும் பிடிக்காத நேரத்திலும் நீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் நம் ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டிகளை இரவில் நிரப்பும் வழக்கம் உண்டு. எந்தத் தொட்டி எத்தனை மணிக்கு நிரம்புகிறது என்பதைத் தொட்டி இயக்குபவரிடம் கேட்டு எழுதாமல் இந்தச் சோதனையைச் செய்தால், நிரம்பும் தொட்டியைக் கசிவு என்று முடிவுகட்டி ரோட்டைத் தோண்ட நேரிடும்.

9. எங்க மாங்கூழ் ஆலை வருஷத்துல மூணு மாசம்தான் ஓடும். எங்களுக்கெல்லாம் இது சரிப்படுமா?

பதிவுகளை மட்டும் வைத்துத் தானாகக் கற்கும் முறை உங்களுக்குச் சரிப்படாது. மூன்று மாதப் பதிவு போதாது. அதிலும் இந்த ஆண்டுக் காய் சென்ற ஆண்டுக் காயைப் போல் இராது. பெங்களூரா ரக மாம்பழம் ஓடும் நாளும் அல்போன்சா ரகம் ஓடும் நாளும் வேறு. ஆனால் இயற்பியல் விதிகளின் மேல் கட்டிய மாதிரி சரிப்படும். கூழைச் சூடாக்கும் குழாய்களின் உட்சுவரில் ஷிப்ட் போகப் போகப் படிவு சேரும். அதே வெப்பநிலையை எட்ட நீராவி கூடுதலாகத் தேவைப்படும். உள்ளே நுழையும் சூடு, வெளியேறும் சூடு, ஓட்டம், நீராவி அழுத்தம் ஆகிய நான்கையும் அளந்தால் படிவு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு, எப்போது நிறுத்திக் கழுவுவது என்று முடிவெடுக்கலாம். இது ஒன்றை மட்டும் செய்யும் ட்வின் உங்களுக்குப் போதும் என்பேன். ஆலை ஓடாத ஒன்பது மாதங்களில் சென்சார்களைக் கழற்றிக் கேலிபரேஷனுக்கு (அளவு சரிபார்ப்புக்கு) அனுப்பிவிடுங்கள்.

10. 2017-ல கிருஷ்ணகிரி அணை மதகு உடைஞ்சதே, ட்வின் இருந்திருந்தா தடுத்திருக்கலாமா?

2017 நவம்பர் இறுதியில் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கிருஷ்ணகிரி அணையின் மதகுகளுள் ஒன்று உடைந்து நீர் வெளியேறியது. பாசனத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதை அறிந்தவன் என்ற முறையில், இந்தக் கேள்விக்கு எளிதாக ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அளக்காத ஒன்றை எந்த ட்வினும் அறியாது. எஃகு மதகின் தடிமன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அல்ட்ராசோனிக் கருவியால் ஒருவர் இறங்கிப் போய் அளந்தால்தான் மாதிரிக்கு அந்த எண் கிடைக்கும். அளந்து அட்டவணையில் எழுதினாலே அபாயம் தெரிந்துவிடும். அதற்குக் கணினித் திரை தேவைப்படாது.

சிவில் கட்டமைப்புகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. ஒரு பட்டறையில் ஆண்டுக்குப் பல பேரிங்குகள் பழுதாகும், அவற்றிலிருந்து கற்கலாம். அணை மதகு ஆயுளில் ஒருமுறை உடைவதே பெருந்துயரம். உடைந்த மதகுகளின் பதிவை வைத்துக் கற்க முடியாது. எனவே 1950-களில் கட்டிய அணை போன்றவற்றுக்கு முதலில் வேண்டியது இன்றுள்ள நிலையின் சரியான அளவீடும், மாற்றிய பாகங்களின் பட்டியலும். அவை சேர்ந்த பிறகு மாதிரி கட்டினால் அது உண்மையான பயன் தரும்.

11. போட்டுக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு வருஷம் நல்லா இருந்தது, இப்ப தப்புத் தப்பா காட்டுது. ஏன்?

உங்கள் இயந்திரம் மாறிவிட்டது, ட்வினுக்கு யாரும் சொல்லவில்லை. மோட்டார் எரிந்து, கடைத்தெருவில் ரீவைண்டிங் செய்து மாட்டியிருப்பீர்கள். அதன் சுருளும் இழப்பும் பழையதைப் போல் இரா. பம்ப்பின் இம்பெல்லரைக் கடைந்து சிறிதாக்கியிருப்பீர்கள்; அழுத்தத்தையும் ஓட்டத்தையும் காட்டும் பழைய வளைகோடு இனிப் பொருந்தாது. அவசரத்துக்கு வேறு கம்பெனி பேரிங் போட்டிருப்பீர்கள். உருளைகளின் எண்ணிக்கை மாறினால் பழுது தெரியும் அலைவரிசையும் மாறும். ட்வின் இன்னும் பழைய இயந்திரத்தையே கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது.

என் அனுபவத்தில் ட்வின்கள் கைவிடப்படுவதற்குப் பணமோ மென்பொருளோ காரணமாக இருந்ததைவிட, இதைத் திருத்துவது யார் பொறுப்பு என்று முதல் நாளே முடிவு செய்யாததுதான் பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கிறது. மெயின்டனன்ஸ் அது ஐடி வேலை என்று நினைக்கிறது. ஐடி அது மெயின்டனன்ஸ் வேலை என்று நினைக்கிறது. நான் சொல்லும் வழி மிகச் சாதாரணமானது: ஜாப் கார்டில் "ட்வினில் மாற்றம் செய்யப்பட்டதா?" என்று ஒரு கட்டம் சேருங்கள். அந்தக் கட்டத்தில் கையெழுத்து இல்லாமல் ஜாப் கார்டை மூடக் கூடாது என்று விதி வையுங்கள். யார் கையெழுத்திடுவார் என்பதை ஒரு பதவியின் பெயரால் எழுதுங்கள். ஆளின் பெயரால் எழுதினால் அவர் வேறு கம்பெனிக்குப் போகும் நாளில் அந்த வேலையும் போய்விடும்.

12. செலவு எவ்வளவு ஆகும்?

எந்த முடிவை மேம்படுத்த விரும்புகிறீர்கள் என்று சொல்லாதவரை எவராலும் நேர்மையாக விலை சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் முடிவுக்கு ட்வின் வேண்டாம். ஆள் வைத்து அளந்தாலே போதும். நாள்தோறும் எடுக்கும், தவறினால் நட்டம் தரும் முடிவு ஒன்றைத் தேர்ந்து, ஓர் இயந்திரத்தில் தொடங்குங்கள். விலைப்பட்டியல் கேட்கும்போது 11-ஆவது கேள்வியில் சொன்ன திருத்தப் பணியின் ஆண்டுச் செலவையும் தனி வரியாகக் கேளுங்கள். அந்த வரி இல்லாத பட்டியல் முழுமையானதன்று.

13. ஆபரேட்டருங்க இதைக் கண்டு பயப்படறாங்க. தங்களைக் கண்காணிக்கத்தான்னு நினைக்கறாங்க.

அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. இயந்திரம் எத்தனை நிமிடம் நின்றது என்ற பதிவைச் சில இடங்களில் ஆள்மீது நடவடிக்கை எடுக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒருமுறை அப்படிச் செய்துவிட்டால் அதன்பின் அங்கு உண்மையான தகவல் வராது. சென்சாரின் வயர் அடிக்கடி தானாகக் கழன்றுவிடும். இந்தப் பதிவு தண்டனைக்குப் பயன்படாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆபரேட்டரின் அறிவு ட்வினுக்கு மிகவும் தேவை. பெரியவர் ஒருவர் ஷிப்ட் தொடங்கியதும் ஸ்பிண்டில் ஹவுசிங் மீது புறங்கையை வைத்துவிட்டுத்தான் முதல் ஜாப்பை மாட்டுவார். எந்த இடத்தில் கையை வைக்கிறீர்கள் அண்ணா என்று கேட்டு, அங்கேயே வெப்பச் சென்சாரை வைத்தேன். டிராயிங் பார்த்து நாங்கள் முதலில் தேர்ந்த இடத்தைவிட அது பேரிங்குக்கு நெருக்கமாக இருந்தது. இன்னொன்று: ஓசூர்ப் பட்டறைகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா பேசுவோர் ஒரே ஷிப்டில் நிற்கிறார்கள். எச்சரிக்கையை ஆங்கிலத்தில் மட்டும் காட்டும் திரை அவர்களுள் பலருக்கு வெறும் சிவப்பு விளக்குதான்.

14. ட்வினே மெஷினை ஓட்டட்டும்னு விட்டுடலாமா? ஹேக் பண்ணிடுவாங்களா?

முதல் கேள்வியில் சொன்ன மூன்றாம் நிலைக்கு வரும்போது இந்த அச்சம் நியாயமானது. 2010-இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் ஈரானின் நடான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்களைத் தாக்கியது. இயந்திரங்களைச் சேதப்படுத்திக்கொண்டே, முன்பு பதிவு செய்த இயல்பான எண்களைத் திரையில் ஓட்டிக்காட்டியது. திரையை மட்டும் நம்பியவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஆகவே தகவல் வெளியே மட்டும் செல்லும் ஒருவழிப் பாதையில் தொடங்குங்கள். ட்வினிலிருந்து கட்டளை வருவது பிற்பாடு தேவைப்பட்டாலும், எமர்ஜென்சி ஸ்டாப், சேஃப்டி வால்வு, லிமிட் ஸ்விட்ச் ஆகியவை எந்தக் கணினியையும் சாராமல் நேரடி வயரிங்கிலேயே இருக்க வேண்டும்.

15. நாங்க ஜாப் ஒர்க் பண்றோம். பெரிய கம்பெனி எங்க மெஷின் டேட்டாவை நேரடியா கொடுங்கன்னு கேட்குது. கொடுக்கலாமா?

எதைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பாகத்தின் அளவுகளையும் தரச் சோதனையையும் கேட்பது முறையானது. அது அவர்கள் வாங்கும் பொருளைப் பற்றியது. சைக்கிள் டைம், இயந்திரம் சும்மா நின்ற நேரம், மின் செலவு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் உங்கள் அடக்கவிலையே அவர்கள் கைக்குச் சென்றுவிடும். அடுத்த முறை ரேட் பேசும்போது உங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர்களைப் பற்றிய தகவலுக்கானது; இயந்திரத் தகவலுக்கு உங்களைக் காப்பது ஒப்பந்தம்தான். எந்தத் தகவல், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், வேறு யாருக்குக் கொடுக்கலாம், உறவு முடிந்தால் அழிப்பார்களா என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். தயங்கினால் நாள் சராசரி மட்டும் தரலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

16. ட்வின் ஒண்ணு சொல்லுது, நம்ம ஆபரேட்டர் வேற சொல்றாரு. யார் சொல்றதைக் கேட்கறது?

இருவரையும் சாராத மூன்றாவது அளவீட்டைக் கேளுங்கள். பேரிங் நன்றாக இருக்கிறது என்று ட்வின் காட்டுகிறது, சத்தம் சரியில்லை என்று ஆபரேட்டர் சொல்கிறார் என்றால், முதலில் அந்த ஜாப்பை முடித்து இயந்திரத்தை நிறுத்துங்கள். ட்வினோடு இணையாத ஒரு கையடக்க அதிர்வுமானியால் அளந்து, டயல் கேஜ் வைத்து ஸ்பிண்டிலின் ஆட்டத்தையும் பாருங்கள். விடை எந்தப் பக்கம் வந்தாலும், தேதி, நேரம், ட்வின் சொன்னது, ஆபரேட்டர் சொன்னது, அளந்தபோது கிடைத்தது என ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

ஆபரேட்டர் சொன்னது சரியாக இருந்தால் ட்வினில் எதைத் தவறவிட்டோம் என்று தேட வேண்டும். பெரும்பாலும் 7-ஆவது அல்லது 11-ஆவது கேள்வியில் சொன்னவற்றுள் ஒன்றாக இருக்கும். ட்வின் சொன்னது சரியாக இருந்தால், அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடித்து ஆபரேட்டரிடம் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். பெல்ட் தளர்ந்திருக்கலாம், கவர் போல்ட் ஒன்று கழன்றிருக்கலாம். ட்வினில் அந்தப் பாகம் சேர்க்கப்படாமலே இருந்திருக்கலாம். அவர் கேட்ட சத்தம் உண்மையானதுதான்.